துரோகமும் வெளிப்பாடும்: கெமர் மாணவர் முன் ஓர் ஆங்கில வினை

ஆங்கிலத்தில் 'பிட்ரே' என்றொரு வினைச்சொல் உண்டு. நாட்டுக்கோ நண்பனுக்கோ துரோகம் இழைத்தலை அது குறிக்கும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. கம்போடியாவில் ஆங்கிலம் பயிலும் மாணவன் ஒருவன் இச்சொல்லைத் தன் கையடக்க அகராதியிற் தேடுவானாயின், பெரும்பாலும் அவன் காண்பது 'க்பொத்' என்ற ஒரேயொரு கெமர்ச் சொல்லைத்தான். துரோகம் செய் என்பது அதன் பொருள். அதை மனனம் செய்துகொண்டு அவன் அகராதியை மூடிவிடுகிறான், ஆசிரியரும் திருப்தியடைகிறார். சில நாட்களின் பின்னர், ஒருவன் தன் அறியாமையை 'பிட்ரே' செய்தான் என்ற ஆங்கில வாக்கியம் அவனெதிரே வருகிறது. அறியாமைக்குத் துரோகம் செய்தவன் யார்? அறியாமையைக் கைவிட்டு அறிவின் பக்கம் சேர்ந்தவனாகத்தானே அவன் இருத்தல் வேண்டும்! வாக்கியம் சொல்வதோ இதற்கு நேர்மாறானது. தான் ஒன்றும் அறியாதவன் என்பதை அம்மனிதன் தன்னையும் மீறிப் புலப்படுத்திவிட்டான் என்பதே அதன் கருத்து.

எதிர்மறை வாக்கியத்தில் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஒரு பெண் தன் அச்சத்தை 'பிட்ரே' செய்யவில்லை என்று நாவலாசிரியர் எழுதினால், அவள் அச்சத்தை உள்ளே அடக்கி முகத்திற் காட்டாதிருந்தாள் என்று பொருள். 'க்பொத்' ஒன்றையே அறிந்த மாணவனோ, அவள் தன் உணர்ச்சிக்கு உண்மையாக நடந்தாள், எனவே அச்சத்தை மறைக்காது வெளிக்காட்டினாள் என்று கொள்வான். சொல்லே தெரியாத மாணவன் அந்த இடத்திற் தயங்கி நிற்பான், யாரையாவது கேட்பான். இவன் சொல்லைத் தெரிந்துகொண்டதனாலேயே, தலைகீழான பொருளை முழு நம்பிக்கையோடு பெற்றுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறான்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிறுத்துக் கொடுக்கும் அகராதி முறையின் குறை இது. ஆனால், இக்குறையை எடுத்துரைப்போருக்கு வழக்கமாகக் கிடைக்கும் முதல் விடை, வாசிக்க வாசிக்கத் தெளிவு பிறக்கும் என்பதாகும். ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசிக்க வாய்ப்புள்ளவனுக்கு அது பொருந்தலாம். கம்போடியாவின் வரலாறு வேறு. 1863 முதல் 1953 வரை அந்நாடு பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்தது. அக்காலத்திற் கற்றோரின் பிறமொழி பிரெஞ்சாகவே அமைந்தது. 1975 முதல் 1979 வரை பாடசாலைகளே இல்லாதொழிந்தன. எண்பதுகளில் வியட்நாமிய மொழிக்கும் ரஷ்ய மொழிக்குமே அரசின் ஆதரவு இருந்தது. 1992, 1993ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் சபையின் இடைக்கால நிர்வாகம் அங்கு வந்ததன் பின்னரும், 1999இல் நாடு ஆசியான் அமைப்பில் இணைந்ததன் பின்னருமே ஆங்கிலம் பெருந்திரளான மாணவரின் தேவையாயிற்று. பாட்டனார் விட்டுச்சென்ற ஆங்கில நூல்கள் நிறைந்த அலுமாரி அங்கு எத்தனை வீடுகளில் இருக்கும்? அந்த அகராதியின் ஒற்றை வரிதான் பல மாணவருக்கு ஆசான். ஆசான் பிழையாகச் சொன்னால், திருத்துவதற்கு வேறொருவர் இல்லை.

இரண்டாவது விடை கற்பித்தல் நிபுணரிடமிருந்து வருவது. தாய்மொழியின் துணையை நாடவே கூடாது, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்க வேண்டும் என்பர். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அச்சாகி உலகெங்கும் விற்பனையாகும் பாடநூல்கள் பல இக்கொள்கையின் வழிநின்றே எழுதப்பட்டவை. இந்த முறை ஐரோப்பாவில் ஏன் வெற்றிபெற்றது என்பதை இவர்கள் ஆராய்வதில்லை. 'பிட்ரே' என்பதன் மூலம் லத்தீன் மொழியிலுள்ள 'த்ராதெரே'. ஒப்படைத்தல், கையளித்தல் என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழியின் 'த்ரஈர்' அதன் வழிவந்தது. அந்தப் பிரெஞ்சு வினைக்கு நண்பனுக்குத் துரோகம் செய்தல் என்ற பொருளும் உண்டு. குரல் நடுக்கம் உணர்ச்சியைப் புலப்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே, பிரெஞ்சு மாணவன் ஆங்கில வினையின் இரு பொருளையும் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறான். அவனுக்கு எவரும் எதையும் விளக்கத் தேவையில்லை. ஐரோப்பிய மாணவனை மனத்திற் கொண்டு வகுத்த முறையைக் கெமர் மாணவன் மீது சுமத்திவிட்டு, அவன் இடறும்போது அவனையே குறைகூறுவது நியாயமாகாது.

(கம்போடியாவிலும் ஒரு காலத்திற் பிரெஞ்சு பயின்ற கற்றோர் குழாம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு இந்த ஆங்கில வினை இடர் தந்திராது. 1975இன் பின் அவர்களுட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியாலும் நோயாலும் மாண்டனர், அல்லது நாட்டைவிட்டு நீங்கினர். ஒரு சொல்லை இலகுவாக விளக்கியிருக்கக்கூடிய தலைமுறையே அங்கு இடையில் இல்லாமற் போயிற்று.)

மூன்றாவது விடை இவ்விரண்டினும் கொடியது. கெமர் மொழி வறியது, நுட்பமான பொருள் வேறுபாடுகளைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை என்பது அது. இவ்வாறு கூறுவோர், வணக்கத்துக்குரிய சுவொன் நாத் தேரரின் உழைப்பால் 1938 முதல் வெளிவந்த கெமர் அகராதியைப் புரட்டிப் பார்த்தவராகத் தெரியவில்லை. இந்த விடயத்தில் உண்மை முற்றிலும் மறுபுறமாகவே உள்ளது. நாட்டுக்குச் செய்யும் துரோகம் கெமர் மொழியில் 'க்பொத் சியத்'. 'சியத்' என்பது வேறொன்றுமன்று, ஜாதி என்ற வடசொல்லே. தமிழிற் குலப்பிரிவைக் குறித்து நின்ற அச்சொல் அங்கு தேசம் என்ற பொருளைப் பெற்றிருக்கிறது. நம்பிய உள்ளத்தை வஞ்சித்தல் 'க்பொத் சித்'. இங்கே 'சித்' என்பது சித்தம். கணவன் மனைவியர் ஒருவருக்கொருவர் உண்மையற்றொழுகுதல் 'பெத் க்பொத்'. ஆங்கிலம் ஒரே வினையால் மழுப்பிச் செல்லும் மூன்று உறவுகளைக் கெமர் மொழி தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது.

இம்மூன்றிலும் 'க்பொத்' நிற்கும் இடமெல்லாம் ஒரு மனிதன் இருக்கிறான், அவனிடம் ஒரு நோக்கம் இருக்கிறது, அவன் முறித்த ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரகசியம் வெளிப்படுதலையும் உணர்ச்சி புலப்படுதலையும் குறிக்க அம்மொழி வேறு வினைகளை ஆள்கிறது. வெளியேறுதல் 'செஞ்', அதன் முன் ஓர் ஒட்டுச் சேர்ந்து 'பொஞ்செஞ்' என்றானால் வெளியேறச் செய்தல், வெளிவிடுதல். காட்டுதலுக்குப் 'பொங்ஹாஞ்' என்ற வினை உண்டு. பிறர் அறியும்படி செய்தல் என்ற தொடரும் உண்டு. குரல் அச்சத்தைப் புலப்படுத்தியது என்பதைச் சொல்ல இவற்றுள் ஒன்று போதும். துரோகத்தை அங்கு இழுத்துவர வேண்டிய அவசியம் கெமர் மொழிக்கு இல்லை. அகராதி தொகுத்தவர் இந்த வினைகளுள் ஒன்றையேனும் இரண்டாவது வரியில் இட்டிருக்கலாம். ஒரு வரி அச்சுக்கூலியை மிச்சப்படுத்தினார் போலும்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இவ்வேறுபாட்டைப் பேணிய மொழியே என்பதுதான் இதில் வியப்பு. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதே அதிகாரத்தில் யூதாஸ் தன் குருவைப் பகைவரிடம் ஒப்படைக்கிறான்; பேதுரு முற்றத்தில் நின்று தான் அவருடைய சீடனல்லன் என்று மறுதலிக்கிறான். அருகில் நின்றோர் பேதுருவின் கலிலேயப் பேச்சைக் கேட்டே அவனை இனங்கண்டுகொள்கின்றனர். யூதாஸின் செயலுக்கு அம்மொழிபெயர்ப்பு 'பிட்ரே' என்ற வினையை ஆள்கிறது. பேதுருவின் பேச்சு அவனை வெளிப்படுத்தியதற்கோ 'பிரே' என்ற வேறொரு வினை. ஒலியளவில் நெருங்கியவை எனினும் இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து பிறந்தவை. கிரேக்க மூலத்திலும் அப்படியே: யூதாஸுக்கு ஒப்படைத்தலைக் குறிக்கும் வினை, பேதுருவின் பேச்சுக்கு வெளிப்படச் செய்தல் என்ற தொடர். பின்னர் ஆங்கிலத்தில் 'பிரே' வழக்கொழிந்தது. அதன் வேலையையும் 'பிட்ரே' தன் தோளிற் சுமந்துகொண்டது. 1946இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்திய மொழிபெயர்ப்பில், குருவை விற்ற யூதாஸுக்கும் பேதுருவின் நாக்குக்கும் ஒரே வினைதான். ஆகவே, கெமர் மாணவனின் தடுமாற்றத்துக்குக் காரணம் அவனுடைய மொழியின் வறுமையன்று. இழப்பு ஆங்கிலத்தினுடையது, அதன் விலையைச் செலுத்துபவன் அவன்.

தமிழ் அறிந்தோருக்கு இவ்விடர் உடனே புலப்படாதிருப்பதற்கும் காரணமுண்டு. 'காட்டிக்கொடு' என்ற கூட்டுவினை தமிழிற் இரு பணிகளையும் செய்கிறது. ஒருவன் தன் தோழனைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்கிறான். ஒருவனை அவனுடைய முகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. லத்தீன் வினையினுள் 'கொடு' என்ற பொருள் பொதிந்திருப்பது போலத் தமிழ் வினையின் ஈற்றிலும் கொடுத்தலே நிற்கிறது. இது தற்செயலான பொருத்தம். ஆயினும் தமிழ் மாணவனுக்கு வாய்த்த நற்பேறு. தமிழ் வேதாகமமோ இவ்வசதியை முழுதும் பயன்படுத்தாது, யூதாஸுக்குக் 'காட்டிக்கொடு' என்றும் பேதுருவின் பேச்சுக்கு 'வெளிப்படுத்து' என்றும் கிரேக்கத்தின் வழியே வேறுபடுத்திச் சொல்கிறது. 'க்பொத்' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் துரோகம் செய் என்பதே. சொல்லாராய்ச்சியாளர் சிலர் 'க்பொத்' என்பதை வடமொழிக் 'கபட' என்பதோடு இணைத்துக் காண்பர். அவ்வாறாயின் அது தமிழ்க் கபடத்துக்கும் உறவு. முகம் அவனுக்குத் துரோகம் செய்தது, கை அவனுக்குக் கபடம் செய்தது என்று தமிழில் எழுதிப் பார்த்தால் கெமர் மாணவனின் காதில் அந்த ஆங்கில வாக்கியம் எவ்வாறு ஒலிக்கும் என்பது ஓரளவு விளங்கும்.

கையும் முகமும் இங்கு வெறும் இலக்கண உதாரணங்கள் அல்ல. 1975 ஏப்பிரல் 17ஆம் திகதி கெமர் ரூஜ் படையினர் புனோம் பென் நகருள் புகுந்து, மக்கள் அனைவரையும் கிராமப்புறங்களுக்கு வெளியேற்றினர். நகரிலிருந்து வந்தோர் 'புதிய மக்கள்' எனப் பிரிக்கப்பட்டனர். முந்திய அரசின் அதிகாரிகள், படையினர், கற்றோர் ஆகியோர் தேடப்பட்டனர். தம் பழைய வாழ்வை மறைத்தலே உயிர் பிழைக்கும் வழியாயிற்று. வைத்தியர் விவசாயி என்றார்; ஆசிரியர் சைக்கிள் றிக்ஷா ஓட்டியவன் என்றார். எனினும் மண்வெட்டி பிடித்துக் காய்த்திராத உள்ளங்கை உண்மையைச் சொன்னது. மூக்குக்கண்ணாடி அணிந்த தழும்பு சொன்னது. புனோம் பென் பேச்சில் ரகர ஒலி மங்கி மறைவது வழக்கம். நாட்டுப்புறத்தில் அது தெளிவாக ஒலிக்கும். ஆகையால் வாயைத் திறந்தவுடன் பேச்சும் சொன்னது. முற்றத்தில் நின்ற பேதுருவின் நிலை அது. ஆங்கிலத்தில் இக்கொடுமையை எழுதுவோர் அவர்களுடைய கைகள் அவர்களை 'பிட்ரே' செய்தன என்று எழுதினால், ஆங்கில வாசகன் அதனைச் சரியாகவே விளங்கிக்கொள்வான். அதே வாக்கியத்தை அகராதியின் துணைகொண்டு கெமர் மொழிக்கு மாற்றும் இளைஞன், கொல்லப்பட்ட தன் பாட்டனின் கைகளுக்கே 'க்பொத்' என்ற சொல்லைச் சூட்டுவான்.

அச்சொல்லோ கொன்றவர்களின் சொல். புனோம் பென் நகரின் துவோல் சிலெங் பாடசாலையில் அமைந்த எஸ்-21 சிறையில், கைதிகளிடம் சித்திரவதையால் வாக்குமூலம் பெறப்பட்டது. ஒவ்வொரு கைதியும் தன்னோடு சேர்ந்த துரோகிகளின் பெயர்களைக் கூற வேண்டும். அப்பெயர்களின் கோவைக்கு 'க்சை க்பொத்', துரோகிகளின் சரடு, என்று பெயர். சிறைக்குப் பொறுப்பாயிருந்த டுச் என்பவர் முன்னாட் கணித ஆசிரியர். வாக்குமூலங்களின் ஓரத்திற் திருத்தங்கள் எழுதிவைக்கும் பழக்கமுடையவர். அங்கு குறைந்தது 12,272 பேர் பலியாயினர் என்று 2010ஆம் ஆண்டின் தீர்ப்பு கண்டது. அந்த ஆட்சியின் கண்களில் உடைந்த கலப்பையும், களைப்பும், கண்ணீரும் துரோகத்தின் அடையாளங்களாயின. தற்செயலாக வெளிப்பட்ட ஒவ்வொன்றும் வேண்டுமென்றே செய்த குற்றமாக வாசிக்கப்பட்டது. அதாவது, கெமர் மொழி வேறு வேறாக வைத்திருந்த இரு பொருள்களையும் வன்முறையால் ஒன்றாக்கினார்கள். அதே குழப்பத்தை அகராதி ஒன்று கவனக்குறைவால் மீண்டும் விதைப்பதைச் சிறு விடயம் என்று எவ்வாறு ஒதுக்குவது?

கெமர் ரூஜ் இயக்கத்துக்கு முன்னும் பின்னும் இச்சொல் ஓய்ந்திருக்கவில்லை. 1970 மார்ச் 18ஆம் திகதி இளவரசர் சிஹானூக் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதே ஆண்டு லொன் நொல் அரசின் நீதிமன்றம் அவர் இல்லாத நிலையிலேயே தேசத்துரோகக் குற்றத்துக்காக மரணதண்டனை விதித்தது. சிஹானூக்கின் அணியினர் லொன் நொல் உட்பட ஏழு பேரைப் பெருந்துரோகிகள் என அறிவித்தனர். அண்மையில், 2023 மார்ச் மாதம், எதிர்க்கட்சித் தலைவர் கெம் சொக்கா இதே வகைக் குற்றச்சாட்டின் பேரில் 27 ஆண்டுத் தண்டனை பெற்றார். ஆட்சிகள் மாறின, சொல் கைமாறியது. ஒருவருடைய பெயரின் முன் இச்சொல் ஒட்டப்பட்ட பின்னர் அவருக்கு என்ன நேரக்கூடும் என்பதை ஈழத்துத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இத்தகைய பாரம் சுமந்த சொல்லை, ஒரு முகபாவத்தை விளக்கும் இடத்திற் கொண்டுவந்து இறக்குவது மொழிபெயர்ப்பாகாது.

எதிர்வாதிகளின் கையில் நியாயமான கருத்து ஒன்றும் உண்டு. என் உடல் என்னை 'பிட்ரே' செய்தது என்று ஆங்கிலேயன் சொல்லும்போது அதில் துரோகத்தின் சாயை இருக்கிறது அல்லவா என்று கேட்பர். இருக்கிறது. காக்க வேண்டிய உடலே காக்கத் தவறியது என்ற மனக்குறை அதிற் தொனிக்கிறது. இரு பொருளும் எங்கோ ஒரு மூலையில் தொட்டுக்கொள்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொடுகை உருவகத்தினால் நிகழ்வது. இரண்டையும் தனித்தனியே அறிந்தவனுக்கே உருவகம் உருவகமாகத் தெரியும். மற்றவனுக்கு அது வெறும் செய்தி, பிழையான செய்தி. கெமர்க் கவிஞன் ஒருவன் விரும்பினால் தன் உடலைத் துரோகி என்று தாராளமாகப் பாடலாம். அது அவனுடைய உரிமை, அகராதி தொகுப்பவரின் உரிமையன்று.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. முதலிற் 'க்பொத்' என்பதைக் கொடுத்து, அதனோடு நாடு, நண்பன், கொள்கை, வாழ்க்கைத்துணை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வாக்கியம் தரலாம். இரகசியத்தைப் பொறுத்தமட்டில் 'பொஞ்செஞ்' என்பதைத் தந்து, அது நம்பிக்கையை மீறி வெளிவிடுதல் என்று ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்; இங்கு இரு பொருளும் எல்லையில் நிற்கின்றன என்பதை மாணவன் அறிவது நன்று. மூன்றாவதாக, எழுவாய் கையோ குரலோ முகமோ ஆயின், அல்லது செயப்படுபொருள் அச்சம், கவலை, அறியாமை போன்ற ஒன்றாயின், 'க்பொத்' என்று எழுதவே கூடாது, பிறர் அறியும்படி செய்தது என்றே கொள்ள வேண்டும் என்று கூறிவிடலாம். பழைய நாவல்களில் பெண்ணை மயக்கிக் கைவிடுதலையும் இவ்வினை குறிக்கும். அதற்கு ஒரு வரி போதும். எதிர்மறை வாக்கியம் ஒன்றை அவசியம் சேர்க்க வேண்டும். மாணவன் தலைகீழாக விழும் இடம் அதுவே.

இதற்கு அகராதியில் ஏழெட்டு வரிகள் செல்லும். 2006 முதல் கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் கெமர், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் இயங்கியது. சாட்சி ஒருவர் எவ்வித உணர்ச்சியையும் 'பிட்ரே' செய்யவில்லை என்று அந்த விசாரணை பற்றி எழுதிய ஆங்கிலச் செய்தியாளரின் வாக்கியத்தைப் புனோம் பென் மாணவன் இனியும் வாசிக்கவே போகிறான். அச்சாட்சி கல்லைப்போல் அமர்ந்திருந்தாரா, அன்றி வாய்விட்டு அழுதாரா என்பதை அவன் கையிலுள்ள அகராதியின் அந்த வரிகளே அவனுக்குச் சொல்லும்.